மோட்டார் வாங்குகிறவர் கரண்ட் பில் பார்ப்பதில்லை

இருபது எச்.பி. மோட்டார் ஒன்று வாங்க வேண்டும். மூன்று கொட்டேஷன் வந்திருக்கிறது. பர்ச்சேஸ் மேஜையில் மூன்றையும் வரிசையாக வைத்து, கடைசி வரியில் இருக்கும் தொகையின் கீழே கோடு போடுகிறார்கள். எது குறைவோ அதற்கு ஆர்டர். பத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய் மிச்சம் பிடித்த திருப்தியில் ஃபைல் மூடப்படுகிறது. கோயம்புத்தூரைச் சுற்றியுள்ள நூற்பாலைகளிலும் ஃபவுண்டரிகளிலும் ஒர்க்‌ஷாப்களிலும் இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுப்புத் தட்டும் கட்டம்கூடத் தாண்டிவிட்டது. இப்போது வயிற்றெரிச்சல்தான்.

அந்த மோட்டார் ஓடத் தொடங்கிய பிறகு என்ன செலவு வைக்கும் என்று யாராவது ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தார்களா? 20 எச்.பி. என்றால் 15 கிலோவாட். நூற்பாலையில் மூன்று ஷிப்டும் ஓடும். ஆண்டுக்கு 8,000 மணி நேரம் என்று வையுங்கள். முழு லோடு வேண்டாம், முக்கால் லோடு என்றே கணக்குப் போடலாம். யூனிட்டுக்கு 7 ரூபாய். மோட்டார்களைத் திறன்வாரியாக ஐ.இ.1, ஐ.இ.2, ஐ.இ.3 என்று ரகம் பிரித்திருக்கிறார்கள்; எண் கூடக் கூடத் திறனும் கூடும். ஐ.இ.2 ரகம், நாலு போல் மோட்டார் என்றால் அதன் திறன் 90.6 சதவீதம். ஓராண்டில் அது எடுத்துக்கொள்ளும் மின்சாரம் 99,000 யூனிட்டைத் தாண்டும். ரூபாயில் ஏழு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. மோட்டாருக்குக் கொடுத்த விலையை, ஓட ஆரம்பித்த சில மாதங்களிலேயே கரண்ட் பில் எட்டிப் பிடித்துவிடும். பதினைந்து ஆண்டு ஓடினால் ஒரு கோடி ரூபாய்க்கு மேல். ஒரு கோடி ரூபாய்ச் செலவுக்கான முடிவை, பன்னிரண்டாயிரம் ரூபாய் வித்தியாசத்தை வைத்து எடுத்திருக்கிறோம்.

அதே இடத்தில் ஐ.இ.3 ரகம் போட்டிருந்தால் திறன் 92.1 சதவீதம். ஒன்றரை சதவீதம்தானே என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். அந்த ஒன்றரை சதவீதம் ஆண்டுக்கு 1,600 யூனிட், 11,000 ரூபாய்க்கு மேல். விலையில் கூடுதலாகக் கொடுத்தது ஏறக்குறைய ஓராண்டில் திரும்பி வந்துவிடும். மீதிப் பதினான்கு ஆண்டும் லாபம். வங்கியில் போட்ட எந்தப் பணம் இப்படித் திரும்புகிறது? ஒரே ஒரு மோட்டாருக்கு இவ்வளவு. ஒரு நடுத்தர ஆலையில் சின்னதும் பெரிதுமாக எத்தனை மோட்டார் என்று எண்ணிப் பாருங்கள்.

கண்ணபுரம் சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறவர் பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், தீனி எவ்வளவு தின்னும் என்று பழைய சொந்தக்காரரிடமே கேட்பார். அதே வட்டாரத்துக்காரர்கள்தான் மோட்டார் வாங்கும்போது தீனியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

இது அறிவுக்குறைவால் வருவதல்ல. அதனால்தான் கோபம் அதிகம். கோயம்புத்தூர் மோட்டாரால் வளர்ந்த ஊர். 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதான் இங்கே ஆலைகள் பெருகின. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து செய்ததைத்தான் இந்தியாவில் உருவான முதல் மோட்டார் என்று பெருமையாகச் சொல்கிறோம். பம்புக்கும் மோட்டாருக்கும் சோதனைக்கூடம் உள்ளூரிலேயே இருக்கிறது. நூற்பாலைகளுக்கென்று சிட்ரா ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தெருவுக்குத் தெரு வைண்டிங் தெரிந்தவர்கள். இவ்வளவு இருந்தும் தவறான மோட்டார் தொழிற்சாலைக்குள் நுழைந்துகொண்டே இருக்கிறது என்றால், தெரிந்தவர் கையில் முடிவு இல்லை என்பதுதான் காரணம். கொட்டேஷனை ஒப்பிடுகிறவருக்குக் கரண்ட் பில் காட்டப்படுவதில்லை. அது அக்கவுண்ட்ஸ் மேஜைக்குப் போகிறது. அக்கவுண்ட்ஸில் இருப்பவருக்கு அது மாதாமாதம் கட்ட வேண்டிய ஒரு தொகை, அவ்வளவுதான். எந்த மோட்டார் எவ்வளவு எடுத்தது என்று அதில் எழுதியிருக்காது. பராமரிப்பில் இருப்பவருக்கு மோட்டார் நிற்காமல் ஓடினால் போதும். நின்றால்தான் அவரைக் கூப்பிட்டுத் திட்டுவார்கள். வீணாக மின்சாரம் போனதற்காக இதுவரை எந்த ஃபிட்டரையும் யாரும் திட்டியதில்லை. எல்லாப் பணத்தையும் கட்டுகிற முதலாளி, மூன்று பேர் மூன்று இடத்தில் எடுத்த முடிவுகளின் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்.

இயந்திரத்தோடு சேர்ந்து வரும் மோட்டார் இன்னும் மோசம். கம்ப்ரஸர் வாங்குகிறோம், ஃபேன் வாங்குகிறோம், டை வேலைக்கு ஒரு மெஷின் வாங்குகிறோம். உள்ளே என்ன மோட்டார் என்று கேட்பதே கிடையாது. மெஷின் செய்கிறவருக்குத் தன் விலையைக் குறைக்க வேண்டும். சட்டம் அனுமதிக்கும் கடைசிப் படியில் இருக்கும் மோட்டாரை மாட்டி அனுப்புகிறார். அவர் கரண்ட் பில் கட்டப் போவதில்லையே. ஆர்டர் கொடுக்கும்போது 'ஐ.இ.3 மோட்டார், அதற்கான கூடுதல் விலையைத் தனியாகக் காட்டவும்' என்று ஒரே ஒரு வரி எழுதினால் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். அந்த வரியை எழுத ஆள் இல்லை.

சட்டம் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. மூன்று ஃபேஸ் மோட்டார்களுக்கு ஐ.எஸ். 12615 என்ற தரநிலை இருக்கிறது. 2017-ல் மத்திய அரசு தரக்கட்டுப்பாட்டு ஆணை போட்டு, ஐ.இ.2-க்குக் கீழே உள்ளதை விற்பதற்குத் தடை கொண்டுவந்தது. ஆனால் ஐரோப்பாவில் 2021 ஜூலை முதல், முக்கால் கிலோவாட்டிலிருந்து ஆயிரம் கிலோவாட் வரை பெரும்பாலான மோட்டாருக்கு ஐ.இ.3 கட்டாயம். 2023 ஜூலையில் 75 முதல் 200 கிலோவாட் வரையுள்ள பல மோட்டார்கள் ஐ.இ.4-க்குப் போய்விட்டன. அமெரிக்காவில் 2010 டிசம்பரிலேயே ஐ.இ.3-க்கு நிகரான ரகத்தைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். அந்த நாடுகளுக்குப் போகிற ஐ.இ.3, ஐ.இ.4 மோட்டார்களை இந்தியத் தொழிற்சாலைகளே செய்கின்றன. நம்மூர் ஆலைக்கு மட்டும் 'ஐ.இ.2 போதுமுங்க, அதுதான் ஸ்டாக்கில இருக்குது' என்ற பதில். சட்டம் சொல்வது குறைந்தபட்சம். நாம் அதையே உச்சமாக எடுத்துக்கொண்டோம்.

புதிதாக வாங்குவதாவது ஆண்டுக்குச் சில தடவை. என்னை உண்மையில் தூங்கவிடாதது எரிந்துபோன மோட்டார்தான்.

இரவு ஷிப்டில் மோட்டார் எரிகிறது. காயில் போய்விட்டது. கழற்றி வண்டியில் ஏற்றி வைண்டிங் கடைக்கு அனுப்புகிறார்கள். காலையில் வேண்டும் என்று போன் மேல் போன். பழைய செம்புக் கம்பி வார்னிஷில் இறுகிப்போய் ஸ்லாட்டுக்குள் உட்கார்ந்திருக்கும், இழுத்தால் வராது. கேஸ் டார்ச்சை வைத்து நேரடியாகக் கொளுத்துகிறார்கள். சில இடங்களில் விறகுத் தீயிலேயே போடுவதைப் பார்த்திருக்கிறேன். ஸ்டேட்டரின் உள்ளே இருப்பது ஒரே இரும்புத் துண்டு அல்ல. மெல்லிய சிலிக்கான் ஸ்டீல் தகடுகளின் அடுக்கு. தகட்டுக்குத் தகடு மெல்லிய காப்புப் பூச்சு இருக்கும். இரும்புக்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி வீணாகச் சூடேறாமல் தடுப்பதே அந்தப் பூச்சின் வேலை. நேரடித் தீ அதைக் கருக்கிவிடுகிறது. அதன் பிறகு எவ்வளவு நல்ல கம்பி போட்டுக் கட்டினாலும், லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், சுவிட்ச் போட்ட நொடியிலிருந்து இரும்பு கூடுதலாக மின்சாரத்தை விழுங்கிக்கொண்டே இருக்கும்.

கம்பி விஷயம் தனி. பழைய கேஜில் கம்பி இல்லை என்றால் ஒரு கேஜ் மெல்லியதைப் போட்டுவிடுகிறார்கள். சுற்று எண்ணிக்கை மாறுகிறது. கம்பி மெலிந்தால் தடை கூடும், தடை கூடினால் செம்பு இழப்பு கூடும். வெளியே பெயிண்ட் அடித்து, பளபளவென்று வரும். மாட்டினால் ஓடும். ஓடிவிட்டதால் எல்லோருக்கும் நிம்மதி.

வைண்டிங் கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அப்படி ஒருவரிடம் கேட்டேன். "காலையில எட்டு மணிக்கு ஓடோணும்ங்கிறாங்க. ராத்திரிக்குள்ள எரிச்சு எடுக்காம வேற என்னங்க பண்ணட்டும்? அடுப்புல வெச்சு மெதுவா எடுத்தா ஒரு நாள் ஆகும், அதுக்குக் கூலி யாரு குடுக்கறாங்க?" என்றார். அவர் சொன்னதில் தவறு என்ன? நல்ல முறையில் காயில் கட்டினால் திறன் குறைய வேண்டியதே இல்லை. அமெரிக்காவின் ஈசா, பிரிட்டனின் ஏ.இ.எம்.டி. என்ற பழுதுபார்ப்போர் சங்கங்கள் இரண்டும் சேர்ந்து 2003-ல் வெளியிட்ட ஆய்வு அதைச் சோதனை செய்தே காட்டியது. வெப்பம் கட்டுப்படுத்தப்பட்ட அடுப்பில், இரும்பின் சூடு 370 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் எரித்து, பழைய கம்பியின் குறுக்களவு குறையாமல் திரும்பக் கட்டினால் மோட்டார் பழைய திறனிலேயே நிற்கும். நாம் அதற்கு நேரமும் கொடுப்பதில்லை, கூலியும் கொடுப்பதில்லை. கூலியில் ஆயிரம் ரூபாய் குறைத்துக்கொண்டு அந்தக் கைத்தொழில்காரரை இப்படி வேலை செய்ய வைத்தது நாம்தான்.

கணக்கு இங்கேயும் போடலாம். அந்த இருபது எச்.பி. மோட்டார் பழைய ஐ.இ.1 ரகம் என்று வையுங்கள். புதிதாக வந்தபோது திறன் 88.7 சதவீதம். இரண்டு மூன்று தடவை தீயில் வெந்து ஒன்றரை சதவீதம் இழந்திருந்தால் 87.2. புதிய ஐ.இ.3-ஐ விட அது ஆண்டுக்கு 5,500 யூனிட் அதிகம் எடுக்கும். 38,000 ரூபாய். ஒவ்வோர் ஆண்டும். காயில் கட்டும் கூலி புதிய மோட்டாரைவிடக் குறைவு என்று சொல்லி அதைத் திரும்பத் திரும்ப மாட்டுகிறோம். நாலாவது, ஐந்தாவது தடவை கட்டிய மோட்டார்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஆலைகளில் முதலாளிகள் என்னிடம் சொல்வது ஒரே வாக்கியம்: "ஓடுதில்லீங்க? ஓடறத எதுக்குக் கழட்டோணும்?"

ஓடுகிறதுதான். ஆனால் எவ்வளவு எடுத்து ஓடுகிறது என்று டாங் டெஸ்டர் வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். மோட்டார் நன்றாக ஓடும்போதே அதன் லோடு இல்லாத ஆம்பியர் எவ்வளவு, காயில் கட்டித் திரும்பி வந்த பிறகு எவ்வளவு என்று ஒரு அட்டையில் எழுதி வைத்தால் போதும். முன்னே இருந்ததைவிட நன்றாகக் கூடியிருந்தால் அந்த வேலையை ஏற்கக்கூடாது. அல்லது அந்த மோட்டாரின் ஆயுள் முடிந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு காயிலின் தடையையும் எழுதி வைத்தால் கம்பி மெலிந்ததா என்று தெரிந்துவிடும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். எழுதி வைக்கிற பழக்கம்தான் வேண்டும். எத்தனை ஆலையில் மோட்டாருக்கு ஒரு அட்டை இருக்கிறது? பெயர்ப் பலகையே பெயிண்டுக்கு அடியில் மறைந்திருக்கிறது. எத்தனை எச்.பி. என்று கேட்டால் 'பதினஞ்சா இருபதா தெரியலைங்க, பெருசுதான்' என்று பதில் வருகிறது.

இந்தப் 'பெருசு' என்பது இன்னொரு நோய். பத்து எச்.பி. போதுமான இடத்தில் பதினைந்து, பதினைந்து போதுமான இடத்தில் இருபது. எலக்ட்ரீசியனுக்குக் காயில் போய்விடுமோ என்ற பயம். அதற்கு மேல் சூப்பர்வைசர் தன் பங்குக்குக் கொஞ்சம் கூட்டுவார். கடைசியில் முதலாளி 'நாளைக்கு மெஷினைப் பெருசு பண்ணினாலும் ஆகும்' என்று ஒரு படி ஏற்றுவார். மோட்டார் முக்கால் லோடுக்குப் பக்கத்தில் ஓடும்போதுதான் நன்றாக ஓடும். பாதி லோடு வரைகூடப் பெரிய நஷ்டமில்லை. அதற்கும் கீழே, முப்பது நாற்பது சதவீதத்துக்குப் போனால் திறன் சரியும். பவர் ஃபேக்டர் அதைவிட வேகமாகச் சரியும். 0.85-ல் இருக்க வேண்டியது 0.6-க்கே வந்துவிடலாம். பவர் ஃபேக்டர் 0.90-க்குக் கீழே போனால் மின்வாரியம் தண்டம் போடும் என்பது உயரழுத்த இணைப்பு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். அதற்காகக் கெப்பாசிட்டர் வாங்கி மாட்டுகிறார்கள். மோட்டாரைச் சரியான அளவில் வாங்கியிருந்தால் அதில் பாதிக் கெப்பாசிட்டர் தேவைப்பட்டிருக்காது. எப்போதும் நாற்பது சதவீதத்துக்குக் கீழேயே ஓடும் பெரிய டெல்டா மோட்டாரை உடனே மாற்ற முடியாவிட்டால், ஸ்டாரிலேயே நிரந்தரமாக ஓடவிட்டாலும் ஓரளவு மிச்சம். ஆரம்ப இழுப்புக்குத் தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். செலவே இல்லாத வேலை. அதைக்கூடச் செய்வதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு சிலர் மனசு மாறி ஐ.இ.3 வாங்குகிறார்கள். மூன்று மாதம் கழித்துக் கூப்பிட்டு, 'ஏமாத்திட்டீங்களே, ஆம்பியர் குறையவே இல்லை, ரெண்டு ஆம்பியர் கூடத்தான் இருக்குது' என்கிறார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஃபேனோ பம்போதான். காரணம் இதுதான். நல்ல மோட்டாரில் ஸ்லிப், அதாவது வேகத்தில் பின்தங்குவது, குறைவு. பழைய மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்று சுற்றியது. புதியது 1,465 சுற்றும். ஃபேனுக்கும் மையவிலக்குப் பம்புக்கும் தேவைப்படும் சக்தி, வேகத்தின் முப்படியாகக் கூடும். வேகம் ஒன்றேமுக்கால் சதவீதம் கூடினால் சக்தி ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். மோட்டாரில் மிச்சம் பிடித்தது எல்லாம் தேவையில்லாத கூடுதல் காற்றாகவும் தண்ணீராகவும் போய்விட்டது. மோட்டார் புல்லியைச் சிறிது சின்னதாக்கி வேகத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். நேரடியாகக் கப்ளிங் போட்ட பம்பு என்றால் இம்பெல்லரைக் கொஞ்சம் கடைந்து குறைக்க வேண்டும். மோட்டார் விற்ற கடையில் இதை ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாததால் இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஆலைகளுக்கெல்லாம் 'ஐ.இ.3 வெறும் பேச்சு' என்று செய்தி போய்விட்டது. ஒரு நல்ல பொருளின் பெயர் இப்படிக் கெடுவதைப் பார்க்கும்போதுதான் மனசு அதிகம் வலிக்கிறது.

இன்னொரு புகார்: புதிய மோட்டார் போட்டால் ஸ்டார்ட் செய்யும்போது பிரேக்கர் விழுகிறது. ஐ.இ.3-க்கு ஆரம்ப இழுப்பு பழையதைவிட அதிகம். நேரடி ஸ்டார்ட்டர் என்றால் பிரேக்கர், ரிலே, கான்டாக்டரின் அளவைத் திரும்பப் பார்க்க வேண்டும். இது அரை மணி நேர வேலை. அதற்குப் பயந்து மோட்டாரைத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

பெயர்ப் பலகையைப் பற்றியும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 92.1 என்று பொறித்திருந்தால் அந்த மோட்டார் 92.1 கொடுத்தே தீர வேண்டும் என்று நினைக்கிறோம். சர்வதேசத் தரநிலை ஒரு சலுகை வைத்திருக்கிறது: 150 கிலோவாட் வரை, இழப்பில் பதினைந்து சதவீதம் வரை கூடினாலும் ஏற்கலாம். 92.1-ல் இழப்பு 7.9. அதில் பதினைந்து சதவீதம் கூடினால் திறன் 90.9-க்கு இறங்கும். ஐ.இ.2-ன் அளவே 90.6. ஐ.இ.3-க்கு விலை கொடுத்துவிட்டு ஐ.இ.2-க்குப் பக்கத்தில் இருப்பதை வாங்கி வர வாய்ப்பிருக்கிறது. அதனால்தான் பெரிய மோட்டாருக்குச் சோதனைச் சான்றிதழ் கேளுங்கள் என்று தொண்டை கட்டச் சொல்கிறேன். அந்த மோட்டாரின் வரிசை எண்ணுக்கே உரிய சோதனை முடிவு வேண்டும். கேட்லாக்கின் ஜெராக்ஸ் போதாது. கேட்டால் நல்ல கம்பெனிகள் கொடுக்கின்றன. கேட்காதவருக்கு எதற்குக் கொடுப்பார்கள்?

மோட்டாருக்குப் பிறகு இருப்பதையும் பாருங்கள். ஐ.இ.4 மோட்டார் வாங்கி, அதன் ஷாஃப்டில் வார்ம் கியர்பாக்ஸ் மாட்டியிருக்கிறார்கள். அதிகக் குறைப்பு விகிதத்தில் வார்ம் கியரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்கூட வீணாகப் போகும். ஹெலிக்கல் கியர் போட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் கிடைக்கும். தளர்ந்துபோன வி பெல்ட், பாதி மூடிய வால்வுக்கு எதிராக முட்டிக்கொண்டிருக்கும் பம்பு, டேம்பரை இறுக்கி அடக்கிய ஃபேன்... வேகத்தைக் குறைக்க வேண்டிய இடத்தில் வால்வை மூடுகிறோம். அங்கேதான் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் போட வேண்டும். வேகம் எண்பது சதவீதமானால் சக்தி ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆனால் டிரைவ் விற்க வருகிறவர் அதை எப்போதும் ஒரே வேகத்தில், ஒரே லோடில் ஓடும் மோட்டாருக்கும் சேர்த்தே விற்றுவிட்டுப் போகிறார். அங்கே டிரைவ் தானே இரண்டு மூன்று சதவீதம் விழுங்கும்.

2022 செப்டம்பரில் மின்கட்டணம் ஏறியபோதும், அதன் பிறகு நிலைக் கட்டணத்தையும் உச்சநேரக் கட்டணத்தையும் குறைக்கச் சொல்லியும் சிறுதொழில்காரர்கள் போராடினார்கள். ஷட்டரை இறக்கினார்கள், மனுக் கொடுத்தார்கள். அந்தப் போராட்டம் முழுக்க நியாயமானது. மெஷின் ஓடாத மாதத்துக்கும் நிலைக் கட்டணம் கட்டுகிறவரின் வலி எனக்குத் தெரியும். ஆனால் யூனிட்டுக்கு இருபத்தைந்து பைசா குறைக்க வருடக்கணக்கில் நடக்கிற அதே ஆட்கள், தங்கள் கூரைக்குக் கீழேயே நூற்றுக்கு நாலும் ஐந்தும் வீணாகப் போவதை ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க மறுக்கிறார்கள். ஏழு ரூபாயில் நாலு சதவீதம் என்றால் இருபத்தெட்டுப் பைசா. அரசு கொடுக்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். நம் கையில் இருப்பதை எடுத்துக்கொள்ள யாரிடம் மனுக் கொடுக்க வேண்டும்?

பெரிய ஆலைகளுக்கு 2001-ன் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் கீழ் எரிசக்தி மேலாளர் என்று ஒருவர் இருந்தாக வேண்டும். அங்கே கணக்குக் கேட்க ஆள் உண்டு. கோயம்புத்தூரின் குறிச்சியிலும் கணபதியிலும் இருக்கும் ஐந்து மெஷின், பத்து மெஷின் பட்டறைகளுக்கு அப்படி யாரும் இல்லை. முதலாளியே டர்னர், முதலாளியே டெலிவரிக்காரர். அவரை உட்காரவைத்துப் பதினைந்து ஆண்டுக் கணக்குப் பேசினால், 'வெள்ளிக்கிழமை கூலி போடோணும்ங்க' என்கிறார். அவரிடம் நான் கோபப்பட முடியாது. அவருக்கு இரவில் மோட்டார் எரிந்தால் காலையில் கிடைப்பது வைண்டிங் கடை ஒன்றுதான். புதிய ஐ.இ.3 மோட்டாருக்கு ஆர்டர் கொடுத்தால், ஃபிரேமும் ஷாஃப்டும் பொருந்துவது வரப் பல நாள் ஆகிறது. பட்டறை அதுவரை நிற்குமா? அவர் மோசமான முடிவு எடுக்கவில்லை. அவருக்கு இருந்தது ஒரே வழி.

அந்த வழியை மாற்றச் சங்கங்களால் முடியும். நம் தொழில் சங்கங்கள் வளாகம் கட்டுகின்றன, கண்காட்சி நடத்துகின்றன. ஒரு கிடங்கில் மூன்று எச்.பி. முதல் முப்பது எச்.பி. வரை, அதிகம் புழங்கும் ஃபிரேம் அளவுகளில் ஐ.இ.3 மோட்டார்களை வாங்கி வைக்கட்டும். இரவில் எரிந்தால் காலை ஆறு மணிக்கு எடுத்துப் போகலாம், பணம் ஆறு தவணையில் கட்டலாம் என்று ஏற்பாடு செய்யட்டும். எரிந்த பழைய மோட்டாரைச் செம்புக்கும் இரும்புக்கும் உள்ள விலையில் கழித்துக்கொள்ளட்டும். கூடவே, வெப்பம் கட்டுப்படுத்தப்பட்ட ஒரு எரிப்பு அடுப்பைப் பொதுவில் நிறுவி, வைண்டிங் கடைக்காரர்கள் மணிக் கணக்கில் வாடகைக்குப் பயன்படுத்தட்டும். புதிதாக வாங்க வேண்டியதை வாங்கலாம், கட்டத் தகுந்ததை ஒழுங்காகக் கட்டலாம். கிடங்கில் இருக்கும் பையனுக்குப் புல்லி விட்டத்தைக் கணக்கிட ஒரு அட்டவணையைச் சுவரில் ஒட்டிக் கொடுங்கள். ஃபேனுக்கு எடுத்துப் போகிறவரிடம் அவன் கேட்டுவிடுவான். இதை மூன்று கூட்டங்களில் எழுந்து சொல்லிவிட்டேன். நல்ல யோசனை, அடுத்த செயற்குழுவில் வைப்போம் என்றார்கள். அந்தச் செயற்குழு எப்போது என்று தேதி கேட்டுத் திரும்பவும் எழுதியிருக்கிறேன்.